அகற்றிய நெடுவரிசையும் அதைத் தேடும் நிரலும்

தரவுத்தள அட்டவணையிலிருந்து ஒரு நெடுவரிசையை அகற்றுவது ஒற்றைவரிக் கட்டளையால் க்ஷணப்பொழுதில் முடிகிற காரியம். அதன் பெயரை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் எங்கெங்கே உறங்குகின்றன என்று கண்டறிவதோ, அரை நூற்றாண்டுப் பிரயாசைக்குப் பின்னும் பூரணமாகக் கைகூடாத வித்தையாகவே இருந்து வருகிறது.

1970 ஜூனில், ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எட்கர் காட், தொடர்புநிலை மாதிரியை உலகுக்கு அளித்த பிரசித்தமான கட்டுரையில், தரவு உள்ளே அடுக்கப்பட்டிருக்கும் விதம் மாறினாலும் நிரல்கள் பழுதாகலாகாது என்பதையே பிரதான லட்சியமாகக் கொண்டார். வரிசைமுறை, தேடலை விரைவாக்கும் சுட்டு, அணுகும் வழி என்னும் மூன்று பந்தங்களை அவர் அறுத்தார்; நெடுவரிசையை இடத்தால் அன்றிப் பெயரால் அழைக்கச் செய்தார். அதனாலேயே, எஞ்சி நின்ற பந்தம் பெயர் ஒன்றே என்றாயிற்று.

அதே கூடத்தில் பின்னர் உருவான சிஸ்டம் ஆர் என்னும் தரவுத்தள அமைப்பு, நிரல்களின் வினவல்களை முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்து, அவை எவற்றைச் சார்ந்தன என்பதையும் தன் குறிப்பேட்டில் பதிந்துகொண்டது. ஒரு சுட்டு நீக்கப்பட்டால், அதைச் சார்ந்த மொழிபெயர்ப்பைச் செல்லாததாக்கி, அந்நிரல் அடுத்து ஓடுகையில் தானே புதிதாக அமைத்துக்கொண்டது. சார்ந்திருப்போரை நினைவில் வைத்த அந்த ஏற்பாட்டை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நெடுவரிசையை நீக்கும் வசதியையும் சார்பைப் பதியும் ஏட்டையும் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள அமைப்பு 2002-இல் தன் 7.3 பதிப்பில் ஒருங்கே பெற்றது தற்செயல் அன்று என்றே கருதுகிறேன். ஒரு காட்சி, அதாவது பெயரிட்டுச் சேமித்த வினவல், நீக்கவிருக்கும் நெடுவரிசையைச் சார்ந்திருப்பின், போஸ்ட்கிரெஸ் நீக்கத்தை மறுத்துவிடும். ஆயினும், வெறும் எழுத்துச்சரமாகச் சேமிக்கப்பட்ட செயற்கூறுகளின் உட்பொருளை அது வாசிப்பதில்லை. தளத்துக்கு வெளியே வாழும் நிரல்களையோ அது அறியவே அறியாது.

அங்கே துணையாவது, 1970களின் தொடக்கத்தில் யூனிக்ஸில் கென் தாம்சன் எழுதிய கிரெப் போன்ற சொல்தேடும் கருவிகளே. பெயரைத் துண்டுதுண்டாக ஒட்டி வினவல் சமைக்கும் நிரலிலோ, பெயரே சொல்லாமல் நட்சத்திரக்குறியிட்டு அனைத்தையும் கேட்கும் நிரலிலோ அந்தத் தேடல் தோற்றுப்போகிறது. சாதாரணமாக அங்கே மிஞ்சும் உபாயம், நிரலை மெய்யாகவே ஓட்டிப் பார்ப்பதுதான். ஆண்டு முடிவில் ஒரே ஒருமுறை ஓடும் கணக்கு நிரலானால், அந்தப் பரீட்சைக்கும் ஆண்டு முடிவே வர வேண்டியிருக்கிறது.