முதலி, முதலியார், முதலாளி

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறியில் இருப்பவரிடம் "யாருக்கு நெய்யறீங்க?" என்று கேட்டால் இரண்டில் ஒரு பதில் வரும். ஒன்று "சொசைட்டிக்கு", அதாவது கூட்டுறவுச் சங்கத்துக்கு; மற்றது "முதலாளிக்கு". முதலாளி என்றதும் ஆலையும் புகைபோக்கியும் நினைவுக்கு வந்தால் அது சினிமாவின் குற்றம். இந்த முதலாளிக்கு ஆலை கிடையாது. பலருக்குச் சொந்த வீட்டில் ஒரு தறிகூட இருக்காது. பட்டு நூலையும் சரிகையையும் வாங்கி, சாயம் போட்டு, தறியில் ஏற்றும் நீளவாட்டு நூலான பாவாக்கி, நெசவாளரின் வீட்டுக் குழித்தறிக்கு அனுப்பிவிட்டு, அது சேலையாகத் திரும்பி வரும்வரை காத்திருப்பவர் அவர். அரசுத் தாள்கள் அவரை 'மாஸ்டர் வீவர்' என்று எழுதுகின்றன. தெருவில் அந்தப் பெயர் ஒட்டவில்லை.

தெரு சொல்லும் பெயருக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் வேர் 'முதல்'. இவ்வளவு வேலை செய்யும் சொற்கள் தமிழில் குறைவு. தொடக்கம், அடிமரம், காரணம் எல்லாம் முதல்தான். இலக்கணக்காரர்களுக்கு முழுப்பொருள் முதல், அதன் உறுப்பு சினை. மரம் முதல், கிளை சினை. தொல்காப்பியம் அகத்திணைக்கு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் ஆக்கியது. 'இன்று முதல்' என்றால் ஒரு நாளின் எல்லை. 'முதலிய' என்றால் பட்டியலின் முடிவு. (வேற்றுமை உருபு சேர்ந்தால் ஆற்றில் வாழும் விலங்கோடு குழம்பும் ஆபத்தும் உண்டு. அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம்.)

வணிகர் போடும் பணத்துக்கு இந்தச் சொல் எப்போதோ வந்துவிட்டது. திருக்குறளிலேயே அந்தப் பொருள் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, அது எங்கே இருக்கிறது என்பதை. பெரியாரைத் துணைக்கோடல், தெரிந்துசெயல்வகை என்ற இரண்டு அதிகாரங்களில், அதாவது ஆள்பவருக்கு யோசனை சொல்லும் பகுதியில். முதல் போடாதவருக்கு லாபம் கிடையாது, அதுபோலத் தாங்கும் துணையில்லாத அரசனுக்கு நிலைப்பு கிடையாது என்கிறது ஒன்று. வரப்போகும் ஆக்கத்தை நினைத்துக் கையிலிருக்கும் முதலை இழக்கும் காரியத்தை அறிவுள்ளவர் தொடமாட்டார் என்கிறது மற்றொன்று. நிச்சயமில்லாத காலத்தில் தலைமை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவந்த வள்ளுவர், உவமையைக் கடைத்தெருவில் போய் எடுத்திருக்கிறார். 'முதலுக்கே மோசம்' என்று நாம் இன்று சொல்வதும் அதே பயம்தான்.

இதே வேரிலிருந்து கிளைத்த இன்னொரு சொல் 'முதலி'. அதில் பணம் இல்லை. முதலி என்றால் முன்னால் நிற்பவர், தலைவர். பிற்காலச் சோழ, பாண்டியக் கல்வெட்டுகளில் முதலிகள் வருகிறார்கள். படைத்தலைவர்களையும் அரண்மனை சார்ந்த பெரியவர்களையும் அந்தப் பெயர் சுட்டுகிறது. வைணவ மரபில் ஆசாரியரின் முன்னணிச் சீடர்கள் முதலிகள். இராமானுசரின் மருமகனுக்கு முதலியாண்டான் என்றே பெயர். மரியாதைக்கு 'ஆர்' சேர்ந்ததும் முதலியார் பிறந்தார். தொண்டை மண்டல வேளாளருக்கும் அது பட்டம், கைக்கோளரான செங்குந்தருக்கும் அது பட்டம். கடல் கடந்தால் அது சாதியைவிட்டே விலகிவிடுகிறது. இலங்கையில் காலனி அரசுகள் உள்ளூர் அதிகாரிகளுக்கு முதலியார் பதவியைக் கொடுத்தன, மகா முதலியார் வரை. 1926-இல் யாழ்ப்பாண வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய செ. இராசநாயகத்தின் பெயருக்கு முன்னால் நிற்கும் 'முதலியார்' அப்படி வந்த கௌரவம்.

கைக்கோளர் பெயரிலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் 'தெரிஞ்ச கைக்கோளர்' என்ற படைப்பிரிவுகள் உண்டு. தெரிஞ்ச என்றால் தேர்ந்தெடுத்த. கையில் கோள் உடையவர் என்று பிரித்தால் அது ஆயுதமா, தறியின் கருவியா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். இவர்களைப் பற்றி மேட்டிசன் மைன்ஸ் 1984-இல் எழுதிய நூலின் தலைப்பே போர்வீர வணிகர்கள் என்று பொருள்படும். அவர் விரிவாகச் சொல்லும் செய்தி ஒன்று இங்கே முக்கியம். கைக்கோளர் குடியிருப்புகள் எழுபத்திரண்டு நாடுகளாக, அதாவது வட்டாரங்களாக, அமைந்திருந்தன. அவற்றுக்கெல்லாம் தலைமையிடம் காஞ்சிபுரம், அதற்கு மகாநாடு என்று பெயர். கீழே தீராத வழக்கு அங்கே போனது. அந்தத் தலைமை தொழிலுக்குப் பணம் போட்டு வந்ததல்ல. இருபதாம் நூற்றாண்டில் அந்த ஏற்பாடு தேய்ந்துபோயிற்று.

பணமும் தலைமையும் ஒரே கையில் சேர்ந்ததற்கு மிகப் பழைய காஞ்சிபுரச் சான்றாக நான் எடுத்துக்கொள்வது உத்தம சோழனின் செப்பேடு. பத்தாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது, சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் காஞ்சிபுரத்தில் நெசவாளர் வாழ்ந்த நான்கு சேரிகள் பெயரோடு வருகின்றன. கருவுளான்பாடி, அதிமானப்பாடி என்பவை அவற்றில் இரண்டு. அரசனுக்குத் துணி நெய்யக் குடியமர்த்தப்பட்ட பட்டசாலிகள் அவர்கள். இன்று உலகளந்த பெருமாள் கோயில் என்று நாம் சொல்லும் ஊரகத்துக் கோயிலின் பொன் குடியிருப்புகளிடம் கொடுத்துவைக்கப்பட்டது. வட்டி கோயிலுக்குப் போனது. கோயில் வரவுசெலவை மேற்பார்க்கும் பொறுப்பும் அந்த நெசவாளர்களுக்கே வந்தது. பொன் அவர்களுடையதல்ல. ஆனால் அதைக் குறையாமல் வைத்திருந்து பெருக்கித் தர வேண்டியவர்கள் அவர்கள். அந்த முதலுக்குச் சொந்தக்காரர் பெருமாள், ஆண்டவர்கள் தறிக்காரர்கள்.

இங்கே 'ஆண்டவர்கள்' என்று எழுதக் காரணம் முதலாளியின் வால். முதல் + ஆளி. முதலை ஆள்பவர் முதலாளி என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் 'ஆளி' அப்படி நேர்மையான விகுதி அல்ல. அறிவாளி அறிவை ஆளலாம். நோயாளி நோயை ஆள்வதில்லை. கடனாளியைக் கடன்தான் ஆள்கிறது. விருந்தாளி எதையும் ஆள்வதில்லை, சாப்பிடுகிறார். பல இடங்களில் ஆளி என்பது 'உடையவர்' என்பதோடு நின்றுவிடும். ஆக, முதலாளி என்ற சொல்லே இரண்டு ஆட்களுக்கு இடம் தருகிறது: முதலை வெறுமே வைத்திருப்பவர் ஒருவர், அதை நடத்துபவர் இன்னொருவர். தொழில் நன்றாக ஓடும் காலத்தில் இருவரையும் பிரித்தறிய முடியாது. (தொழிலாளியைத் தொழிலாளர் ஆக்கி மரியாதை கொடுத்த தமிழ், முதலாளிக்கு 'முதலாளர்' தரவில்லை. இது மறதி என்று எனக்குத் தோன்றவில்லை.)

சிங்களத்தில் 'முதல்' பணமாகவே நின்றுவிட்டது. அங்கே 'முதலாலி' என்றால் கடைக்காரர். மலையாளத்தில் முதல் சொத்து. நம்மிடம் 'முதலாளி' 1957-இல் எஸ்.எஸ். ராஜேந்திரன் நடித்த படத்துக்குத் தலைப்பாகும் அளவுக்கு ஊறிப்போனது. அதற்குமேல் முதலாளித்துவம், முதலாளி வர்க்கம் எல்லாம் சேர்ந்து சொல்லைக் கறுப்பாக்கின. மார்க்ஸின் நூலைத் தமிழில் தந்த தியாகு 'மூலதனம்' என்று பெயரிட்டார். கூட்டுறவுச் சங்கங்களும் 'பங்கு மூலதனம்' என்றே எழுதுகின்றன. தெருவில் கெட்ட பெயர் எடுத்த முதல், ஏட்டில் மூலதனமாகத் தலைமுழுகிக்கொண்டது.

காஞ்சிபுரம் முதலாளியிடம் திரும்பலாம். அவருடைய முதல் எங்கே இருக்கிறது? பெட்டியில் இல்லை, பிறர் வீட்டில் இருக்கிறது. ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலை. அந்தப் பாவு தறியில் ஏறி இறங்கும்வரை நூலும் சரிகையும், அதோடு கொடுத்த முன்பணமும், நெசவாளரின் கூரைக்குக் கீழே. நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து. விற்பனை முகூர்த்த மாதங்களிலும் தீபாவளியிலும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் தறி ஓடியாக வேண்டும். நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்ற தொல்காப்பியக் கணக்கைப் பட்டு வியாபாரம் படிக்காமலே பின்பற்றுகிறது. ஆடியில் பாவு கொடுக்காமல் நிறுத்திவிட்டால் கைப்பணம் மிஞ்சும். ஐப்பசியில் சேலை இருக்காது, அந்த நெசவாளரும் வேறு வாசலில் இருப்பார். எனவே இந்தத் தொழிலில் தலைமைத் திறன் என்பதை ஒரே கேள்வியில் அடக்கலாம்: விற்காத காலத்தில் யார் பாவு கொடுக்கிறார்?

முதல் போடாமலே முன்னால் நின்ற முதலிகளும் இந்தத் தொழிலுக்கு வாய்த்தார்கள். 1952-53-இல் கைத்தறி பெரும் தேக்கத்தில் விழுந்தது. துணி தேங்கி நெசவாளர் குடும்பங்கள் பட்டினியில் நின்றன. அப்போது திராவிட முன்னேற்றக் கழகத்தார் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். கட்சிக்குத் தலைமை ஏற்றிருந்த அண்ணாதுரை 1909-இல் காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பெயரோடு முதலியார் பட்டம் நிற்கவில்லை. சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லி 1929-இலேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டிருந்தது. பட்டத்தைக் கழற்றி வைத்தவர், அந்தப் பட்டத்தின் பழைய பொருளில் நடந்துகொண்டார். 1953-இல் மத்திய அரசு ஆலைத் துணிமேல் கூடுதல் தீர்வை போட்டுக் கைத்தறிக்கு நிதி திரட்டச் சட்டம் கொண்டுவந்ததும் அதே நெருக்கடியில்தான்.

பின்னால் வந்த மாற்றங்களில் முதலாளியின் பங்கை அரசும் சங்கமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டன. 1935-இல் தொடங்கிய கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் விற்பனைக்கு ஏற்கெனவே இருந்தது. 1971-இல் காஞ்சிபுரத்துக்கென்று தமிழ்நாடு சரிகை நிறுவனம் வந்தது. 1985-இல் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய சட்டம் வந்தது. விசைத்தறி அதைப் பெரிதாக மதித்ததாகச் சொல்ல முடியாது. 2005-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தங்கம் விலை ஏற ஏற, சரிகையில் தங்கத்தைக் குறைப்பதா, சேலை விலையை ஏற்றுவதா என்ற முடிவு ஒவ்வொரு சங்கத் தலைவர் மேசையிலும் ஒவ்வொரு முதலாளி கையிலும் வந்து நிற்கிறது. சத்தமில்லாமல் குறைத்தவர்கள் சில வருடங்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள். அவர்கள் தொட்டது தங்கள் முதலை மட்டுமல்ல, ஊரின் பெயரையும்.

ஆனால் எல்லாவற்றிலும் கடினமான மாற்றம் கடைத்தெருவிலிருந்து வரவில்லை, தறிக்குள்ளிருந்தே வந்தது. காஞ்சிபுரத்தின் பெருமை கோர்வை: உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் பிரியாமல் கோத்து நிற்கும். அதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவர் ஒருவரால் முடியாது, பக்கத்தில் இரண்டாம் ஆள் உட்கார்ந்து கரையின் நாடாவைத் தள்ள வேண்டும். பல வீடுகளில் அந்த இரண்டாம் ஆள் ஒரு சிறுவன் அல்லது சிறுமி. பெற்றவர் வாங்கிய முன்பணத்துக்குப் பிறர் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளும் உண்டு. 2003-இல் வெளிவந்த மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை காஞ்சிபுரத்தையும் பெயர் சொல்லிக் குறித்தது. முதலின் கணக்கில் அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூட வருடங்கள் எழுதப்படவே இல்லை. முன்பணம் கொடுத்தவரைத் தாங்கும் துணை என்றும் சொல்லலாம், கட்டிப்போட்ட கயிறு என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே ஆளாக இருந்ததுதான் காஞ்சிபுரத்து உண்மை. முதலாளி என்ற சொல்லின் கறுப்பை முழுக்க சினிமா பூசியதல்ல.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். போயிருக்க வேண்டியதுதான். கோர்வைக்குக் கை குறைந்தது. அந்த இடத்தில் மூன்று வழி இருந்தது. கரையும் உடலும் ஒரே ஓட்டத்தில் நெய்யும் வகைக்கு மாறிவிடலாம். பலர் மாறினார்கள், கடையில் பெயர் மட்டும் பழையதாக இருந்தது. விசைத்தறிச் சேலையை வாங்கி அடுக்கலாம்; அதையும் செய்தார்கள். அல்லது இரண்டாம் ஆளை வளர்ந்த ஆளாக வைத்து, அவருக்கும் கூலி என்று கணக்கில் தனியாக எழுதி, அந்த விலையை வாங்குபவரிடம் விளக்கிச் சொல்ல வேண்டும். மூன்றாவது வழியைப் பிடித்தவர்கள் குறைவு. அவர்களைத்தான் நான் முதலை ஆண்டவர்கள் என்பேன், கடையின் நீளம் எவ்வளவாக இருந்தாலும்.

2016 நவம்பரில் ரொக்கம் நின்றபோதும், 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோதும், 2020-இல் கல்யாணக் கூட்டத்துக்கு ஐம்பது பேர் என்று வரம்பு விழுந்தபோதும், விற்காத காலத்தில் யார் பாவு கொடுக்கிறார் என்ற அதே பழைய கேள்வி திரும்ப வந்தது. கூலி வாரக் கணக்கு, அதற்கு ரொக்கம் வேண்டும். முகூர்த்தம் இருந்தும் மண்டபம் காலி. பாவு நின்ற தெருக்களும் உண்டு, குறைந்த எண்ணிக்கையில் சுற்றி வந்த தெருக்களும் உண்டு.

காந்தி சாலையின் பெரிய கடைகளில் இப்போது அடுத்த தலைமுறை உட்கார்ந்திருக்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் 'ஓனர்' என்கிறார்கள், சிலர் 'எம்.டி. சார்' என்கிறார்கள். ஓனர் நல்ல சொல்தான். லாரிக்கும் வாடகை வீட்டுக்கும் பொருந்துவதுபோலக் கடைக்கும் பொருந்துகிறது. பிள்ளையார்பாளையத்தில் பாவு வாங்கப் போகிறவர் மட்டும் இன்னும் 'ஓனர்கிட்ட போறேன்' என்று சொல்வதில்லை.