ஐட்டேனியம்

ஹெச்பியும் இன்டெலும் சேர்ந்து உருவாக்கிய 64 பிட் செயலி. 2001இல் சந்தைக்கு வந்தது. பெருநிறுவனங்களின் தரவுத்தள சர்வர்களே இதன் முக்கிய இலக்கு. எந்தக் கட்டளைகளை ஒருசேர இயக்கலாம் என்பதைக் கம்பைலரே முன்கூட்டித் தீர்மானிக்கும். ஆனால் தரவுத்தள வேலையில் நினைவகத்திலிருந்து எந்தத் தரவு எப்போது வந்துசேரும் என்று முன்பே கணிப்பது கடினம். ஐட்டேனியத்துக்குப் போட்டியாக 2003இல் வந்த ஏஎம்டியின் ஆப்டெரான் செயலி, பழைய எக்ஸ்86 மென்பொருளையும் வேகம் குறையாமல் ஓட்டியது.

இந்தப் போட்டியைவிடப் பெரிய அடி மென்பொருள் பக்கமிருந்து விழுந்தது. ஐட்டேனியத்துக்கு இனி மென்பொருள் எழுதப்போவதில்லை என்று 2011 மார்ச்சில் தரவுத்தள மென்பொருள் நிறுவனமான ஆரக்கிள் அறிவித்தது. ஹெச்பி வழக்குத் தொடுத்து 2012இல் வென்றது. 2016இல் ஜூரி 300 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. வன்பொருளைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் செயலியின் வேகத்துக்கு முன்பாகத் தரவுத்தள நிறுவனத்தின் ஆதரவு எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதையே விசாரிக்க வேண்டும். இன்டெல் கடைசி ஐட்டேனியங்களை 2021 ஜூலையில் அனுப்பியது.