செல்லருகுப் பதிவும் சாயமேற்றலும்

உயிருள்ள விலங்கின் மூளையில் ஒற்றை நரம்பணுவின் மின்துடிப்பைப் பதிவு செய்து, பின் அதே அணுவுக்குச் சாயமேற்றி வடிவத்தைக் காணும் முறை. நரம்பியல் ஆய்வாளர் டிடியே பினோ 1996இல் இதை விரிவாக வெளியிட்டார். 1873இல் கோல்ஜி அறிவித்த வெள்ளிச் சாயம் அணுவின் உருவத்தை மட்டுமே காட்டியது. உலோக மின்முனையோ துடிப்பை மட்டுமே பதிவு செய்தது.

சுமார் 1 மைக்ரோமீட்டர் முனையுள்ள கண்ணாடிக் குழலில் உப்புக்கரைசலும் நியூரோபயோட்டின் அல்லது பயோசைட்டின் என்ற சாயமும் நிரப்பி, அணுச்சவ்வைத் துளைக்காமல் ஒட்டினாற்போல் நிறுத்துவார்கள். நானோஆம்பியர் அளவிலான நேர்மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்திப் படிப்படியாகக் கூட்டும்போது, ஒரு கட்டத்தில் அணு அந்த மின்னோட்டத்தின் தாளத்துக்கே துடிக்கத் தொடங்கும். முறையின் உயிர்நாடி இதுதான்: சாயம் ஏற்பது பதிவான அதே அணுதான் என்ற உறுதி அப்போது கிடைக்கிறது. உடனே மின்னோட்டத்தைக் குறைக்காவிட்டால் அணு சேதமுறும். சாயம் பரவ நேரம் கொடுத்தபின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, சாயத்திலுள்ள பயோட்டினை இறுகப் பற்றும் அவிடின் புரதத்தைக் கொண்டு நிறமேற்றுவர். நீண்ட ஆக்சானின் கிளைகள்கூடத் தெளிவாகத் தெரியும். மூளையின் தலாமஸ் பகுதி குறித்த பினோவின் ஆய்வுகளுக்கு இதுவே அடிப்படை. ஒரு நேரத்தில் ஓர் அணு என்பதால் உழைப்பு மிகுதி.