சோதிக்க வேண்டியவர் யார்?

மோட்டார்ப் பந்தயத்தின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. வென்றவரின் பெயர் அதில் உண்டு. உடைந்த உறுப்பை முன்கூட்டிச் சோதித்திருக்க வேண்டியவர் யார் என்ற வினாவோ அரிதாகவே எழுகின்றது. அவ்வினாவையே நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தில், மழையிற் சறுக்கி நொறுங்கிய காரினுள் ஜாக்கி ஸ்ருவேட் சிக்குண்டு கிடந்தார். கசிந்த எரிபொருள் அவர் உடலை நனைத்தது. அவரை மீட்கத்தக்க கருவி அங்கு இருக்கவில்லை. சக சாரதிகளான கிரஹாம் ஹில்லும் பொப் பொண்டுறன்டும், பார்வையாளர் ஒருவரிடம் திருகுசாவி இரவல் வாங்கியே அவரை விடுவித்தனர். அதன்பின் ஆசனப்பட்டிக்கும் தடுப்பு வேலிக்கும் மருத்துவ வசதிக்குமாக ஸ்ருவேட் ஓயாது வாதாடினார். 1961இல் தோன்றிய சாரதிகள் சங்கம் அப்போராட்டத்துக்குத் துணைநின்றது. 1969இல் சாரதிகள் ஸ்பாவிற்குச் செல்ல மறுத்தனர்; அவ்வாண்டு அங்கு பந்தயமே நடைபெறவில்லை. பாதுகாப்பு விதிகள் எவருடைய கருணையினாலும் கிடைத்தவையல்ல என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1985இல் ஃபோர்மியூலா 1 கார்களுக்கு முன்புற மோதற் சோதனை கட்டாயமாயிற்று. கார் ஓடுமுன்பே அதன் வலிமையை அதனை ஆக்கியோர் நிரூபித்தாக வேண்டும் என்பதே இதன் உட்பொருள். எனினும், ஒவ்வோர் உறுப்பும் இத்தகைய சோதனைக்கு உட்படவில்லை.

1994இல் இத்தாலியின் இமோலாவில், ஏப்ரில் 30ஆம் நாள் றோலன்ட் ராட்சன்பேர்கரும் மறுநாள் அயர்ட்டன் செனாவும் மாண்டனர். முன்னவரின் காரில் முன்னிறகு உடைந்தது. செனாவின் காரிலோ, அவர் அமருமிடம் நெருக்கமாயிருந்தமையால், சுக்கான் தண்டை வெட்டி ஒடுக்கமான குழாயொன்றை இடையிற் பொருத்தியிருந்தனர். தண்டு மோதலுக்கு முன் உடைந்ததா, பின் உடைந்ததா என நெடுங்காலம் வழக்காடினர். 2007இல் இத்தாலிய உச்ச நீதிமன்றம், சீர்கேடாகத் திட்டமிட்டுச் சீர்கேடாகச் செய்த அம்மாற்றமே விபத்துக்குக் காரணமென்றும், மேற்பார்வையில் தவறிய தொழில்நுட்பப் பணிப்பாளரே பொறுப்பாளியென்றும் கண்டது. ஆனால் சட்டம் வரையறுத்த காலம் கடந்துவிட்டமையால் தண்டனை இல்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்துப் பொறுப்புக்கு ஒரு பெயர் கிடைத்தது, அவ்வளவே.

2005இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் வேறொரு காட்சியைக் காண்கின்றோம். பயிற்சியின்போது ரால்ஃப் ஷூமாக்கரின் ரயர் பழுதுற்று அவர் சுவரில் மோதினார். உடனே மிஷலின் நிறுவனம், பதின்மூன்றாம் வளைவில் வேகத்தைக் குறைத்தாலன்றித் தன் ரயர்களுக்கு உறுதி கூற இயலாதென அறிவித்தது. வளைவை மாற்றச் சர்வதேசச் சம்மேளனம் மறுத்தது. இருபது கார்களுள் பதினான்கு, தொடக்கச் சுற்றோடு விலகின. ஆறு மட்டுமே ஓடின. பார்வையாளர் ஏமாற்றமுற்றுச் சினந்தனர். அந்த ரயர்களை அவ்வளைவிற்கேற்பப் போதியளவு சோதித்திராத குற்றம் நிறுவனத்தையே சாரும். ஆயினும், குற்றத்தை மறைத்துச் சாரதிகளை ஓடவிட்டிருப்பின், இறுதிச் சோதனை அவர்களின் உடல்களிலேயே நடந்திருக்கும்.

உறுப்பை ஆக்குவோனே அதனைச் சோதிக்கவும் கடமைப்பட்டவன். அச்சோதனையைச் சரிபார்ப்பது விதி வகுப்போரின் கடமை. இவ்விருவரும் தவறுமிடத்து, ஓட மறுக்கும் உரிமை சாரதிக்கு வேண்டும். 1982இற் கலைந்த சாரதிகள் சங்கம், இமோலாச் சாவுகளின் பின் 1994இல் மீண்டும் கூடியது இதனை உணர்ந்தேயாகும். பந்தயத் திடலுக்கு மட்டுமன்றி, மனிதன் இயந்திரத்தை நம்பி உழைக்கும் ஒவ்வோரிடத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும்.