பழவேற்காட்டு ஏரிக் கிராமங்களில் கல்வி நீதி

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கும் தனக்கும் இடையே ஒரு மணல் திட்டு மட்டுமே கிடக்க விரிந்திருக்கும் பழவேற்காட்டு ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் அடங்க, தென்கோடி மட்டும் திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்தது. இங்கே போர்த்துகீசியர் காலத்து மாதா கோயிலைப் பற்றியும், 1613-இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்திரியா கோட்டையைப் பற்றியும் பேச்சு மிகுதி. கரையோரக் குப்பங்களின் குழந்தைகள் எந்த வரிசையில் பள்ளிக்கூடத்தின் படியேறினர் என்பதைப் பற்றிய பேச்சு குறைவு.

அந்த வரிசையை அறிய விரும்புவோர் ஏரியின் மீன்பிடி உரிமையிலிருந்தே தொடங்க வேண்டும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தார், ஏரியில் வலை கட்டும் இடங்களைப் ‘பாடு’ என வகுத்து, தலைக்கட்டுக் கணக்கில் சீட்டுப் போட்டு, நல்ல இடமும் மட்டமான இடமும் எல்லோருக்கும் மாறி மாறி வாய்க்குமாறு முறை வைத்துக்கொள்ளும் சம்பிரதாயத்தை நெடுங்காலமாகக் காத்து வந்துள்ளனர். பணக்காரன், ஏழை என்ற பேதமின்றிச் சீட்டுக்குக் கட்டுப்படும் இந்த ஏற்பாட்டில் உள்ளுக்குள் நிலவும் சமத்துவம் உண்மையிலேயே அபூர்வமானது. ஆயினும், பாட்டில் பங்கு பெற அச்சமூகத்தில் பிறந்த, மணமான ஆண்மகனாக இருக்க வேண்டும் என்ற விதியினால், அதே நீரை நம்பி ஜீவித்த ஆதிதிராவிட மீனவரும் இருளரும் வெளியே நின்றனர். பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. இருளர் படகும் வலையுமின்றி, ஆழமில்லாத நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லால் கடித்துக்கொண்ட பனையோலைப் பறியில் அதைப் போட்டுக்கொண்டே நகர்வர். அன்றைய இறால் அன்றைய அரிசி. ஆதலால் குழந்தையின் கைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன.

இப்பகுதி அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவில் அடங்கியிருந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டர் டிரமென்கீர் 1891-இல் பறையர் நிலையைக் குறித்து எழுதிய அறிக்கையும், அதனைத் தொடர்ந்து 1892-இல் பிறந்த நிலம் பற்றிய அரசாணையும், 1893-இல் பஞ்சமர் கல்விக்காகப் பிறந்த ஆணையும் சென்னை மாகாணத்துச் சமூக நீதி வரலாற்றில் முக்கியமானவை. ஆனால் டிரமென்கீரின் கண் வயலில் உழைத்தவர் மேல் இருந்ததேயன்றி, நீரில் உழைத்தவர் மேல் இல்லை. 1905-இல் சர் பிரெடரிக் நிக்கல்சன் பொறுப்பேற்ற மீன்வளப் பணியிலிருந்து வளர்ந்த இலாகா மீனவர் பள்ளிகளைத் திறந்தபோதும், அதன் கவனம் முதலில் மேற்குக் கடற்கரைக்கே சென்றது.

1953-இல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பள்ளிகளில் குழந்தை நாளில் மூன்று மணி நேரம் படித்து, எஞ்சிய வேளையில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. குலக்கல்வி என்று பெரியாரும் பிறரும் எதிர்த்த அத்திட்டம் காமராஜர் முதலமைச்சரான 1954-இலேயே கைவிடப்பட்டது. ஏரிக்கரையை அறிந்தவர்க்கு இதில் ஒரு விசித்திரம் புலப்படும்: எந்தச் சர்க்காரும் ஆணையிடாமலே இருளர் குழந்தையின் நாள் அவ்வாறுதான் பிரிந்திருந்தது, மூன்று மணி நேரம்கூடப் பள்ளிக்கு மிஞ்சியதில்லை என்பதே வேறுபாடு. காமராஜர் 1956-இல் பரவலாக்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவும் அந்தக் கணக்கைச் சற்றே மாற்றின. பள்ளியில் ஒருவேளை சோறு கிடைக்குமானால், குழந்தையை நீருக்கு அனுப்பாததன் நஷ்டம் குறைகிறது. தொடக்கப் பள்ளிக்கு அப்பால் மேல்வகுப்பு என்றால், ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குப்பங்களின் பிள்ளைகள், ஏரியின் மேல் பாலம் வருமுன், படகேறிப் பழவேற்காடு ஊருக்கு வரவேண்டியிருந்தது.

உயர்கல்வியின் வாயில் இடஒதுக்கீட்டினால் திறந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி ஆணை செல்லாதென்று தீர்ப்பான 1951-ஆம் ஆண்டிலேயே, இடஒதுக்கீட்டுக்கு வழிவிட அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனியாக 20 சதவீதமும், 1990-இல் பழங்குடியினருக்குத் தனியாக 1 சதவீதமும் வகுக்கப்பட, மொத்த இடஒதுக்கீடு 69 சதவீதமாகி, 1994-இல் ஒன்பதாம் அட்டவணையின் பாதுகாப்பைப் பெற்றது. பட்டினவர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர், இருளர் பழங்குடியினர்.

பட்டியலில் இடம்பெறுவது வேறு, பட்டியலிலிருந்து பயன் பெறுவது வேறு. பட்டினவர் பிள்ளைக்கும் ஆதிதிராவிடர் பிள்ளைக்கும் சாதிச் சான்றிதழை வட்டாட்சியரே வழங்கிவிடலாம். பழங்குடிச் சான்றிதழுக்கோ, போலிகளைத் தடுக்கும் பொருட்டு, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரின் விசாரணை வேண்டும். விசாரணைக்கு வருபவர் முதலில் கேட்பது தகப்பனுடைய சான்றிதழை. பள்ளிக்கூடமே காணாத தகப்பனிடம் அது இருப்பதற்கில்லை. வீட்டு மனைப் பட்டாவோ, குடும்ப அட்டையோ இல்லாதவர் பலர். பிழைப்பைத் தேடி இடம் பெயர்பவரும் உண்டு. முன்பணம் வாங்கியதனால் இம்மாவட்டத்தின் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் சிக்குண்டு, 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் பல. இத்தகைய குடும்பத்தின் பிள்ளை பத்தாம் வகுப்பைக் கடந்து விட்டாலும், கல்லூரி விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய அந்த ஒற்றைக் காகிதத்துக்காக அலுவலகத்தின் திண்ணையில் காத்திருக்கிறது. மோசடிக்காரனுக்காகக் கட்டிய வேலி, உரியவனையே வெளியில் நிறுத்துவது இங்கே சாதாரண அனுபவம். விசாரணையே வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அதிகாரி குடியிருப்புக்கே வந்து விசாரித்தால் என்ன என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

பட்டினவர் குப்பங்களின் கதை இவ்வளவு கடினமானதன்று. எனினும் எளிதும் அன்று. 2007-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்த மீனவர் நல வாரியம் உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை அளிக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நீடிப்பதால், புதிய கல்வியாண்டின் செலவுகள் கடலுக்குச் செல்லும் குடும்பங்களின் கையில் காசில்லாத வேளையில்தான் வந்து சேர்கின்றன. பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி ஒன்று உள்ளது. பாடு முறையைக் கற்றறிந்த ஒருவர் ஏரியைப் பற்றி அங்கே கற்பிக்கும் நாள் வருமானால் அது அக்கல்லூரிக்கே நன்மை.

2022 செப்டம்பரில் இரு திட்டங்கள் தொடங்கின. ஒன்று, தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு. விடியலில் இறாலுக்கு இறங்கும் வீட்டில் அடுப்பு எரியாத நேரத்தை அது நேராகத் தொடுகிறது. மற்றொன்று, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்பில் சேரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம். தலைக்கட்டில் இடமில்லாத குப்பத்துப் பெண்ணின் பெயரில் மாதந்தோறும் பணம் வருவது சிறிய மாற்றமன்று. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவளுக்கு மட்டும் அது எட்டுவதில்லை.