ஐப்பசி வந்தால் படகு எங்கே போகும்?



சிங்கப்பூரில் இருக்கும் என் மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பினார். அங்கே ஆற்றோரம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் மோட்டார் படகுகள். கூடவே ஒரு கேள்வி: "சார், நம்ம ஊர்ல போட்டுக்கு இன்ஜின் எப்ப வந்துச்சு? மழைக்காலத்துல அதை எங்க வச்சிருந்தாங்க?" இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. ஆகையால் இந்த நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

முதலில் நம் கடலைப் பற்றி. அதிராம்பட்டினத்துக் கடற்கரையில் மெரினா போல மணலும் அலையும் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். சேறு, உப்பளம், அலையாத்திக்காடு, அதற்கப்பால் முழங்கால் தண்ணீர். பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. அதனால் படகு கடலோரத்தில் நிற்காது, வாய்க்காலுக்குள்தான் நிற்கும். துறைமுக வாய்க்கால் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. ஒரு காலத்தில் இது இலங்கையோடு வணிகம் செய்த சிறு துறைமுகம்.

அந்த நாளில் இங்கே ஓடியது வத்தை. பலகைப் படகு; பெரியவற்றில் மூன்று பாய்மரம்கூட இருக்கும். காற்று ஒரு பக்கம் அழுத்தும்போது படகு சாயாமல் இருக்க, குறுக்கே ஒரு நீளப் பலகையைப் போட்டு, காற்று வரும் பக்கமாக அதன் நுனியில் ஆட்கள் போய் உட்காருவார்கள். காற்று கூடினால் இன்னொரு ஆள் நகர்ந்து உட்காருவார். சின்ன வயதில் அதைப் பார்த்து, இவர்கள் ஊஞ்சல் ஆடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறேன்.

இந்த வத்தையைத் தேடி 1990களில் ஷான் மெக்ரெய்ல், லூசி புளூ, எரிக் கென்ட்லி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தமிழகக் கரைக்கு வந்தார்கள். மெக்ரெய்ல் எழுதிய தெற்காசியப் படகுகள் பற்றிய நூல் 2003இல் வெளிவந்தது. அவர்களை ஈர்த்தது எது தெரியுமா? உலகத்தின் பல பழைய படகுமுறைகளில் முதலில் பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு, பிறகுதான் உள்ளே விலாக்கட்டை வைப்பார்கள். நம் தச்சர்களோ முதலில் விலாக்கட்டைகளை அளவெடுத்து நிறுத்திவிட்டு, அதன்மேல் பலகை அறைந்தார்கள். வடிவத்தை முன்கூட்டியே கணக்காக வகுத்துக்கொள்ளாமல் இது முடியாது. பள்ளிக்கூடத்தில் வடிவியல் பாடம் நடத்தியபோது இதைச் சொல்லிக் கொடுக்காமல் போனோமே என்று எனக்கு இன்றும் குறை உண்டு.

பாய் படகுக்கு மழைக்காலம் என்றால் ஓய்வுகாலம். ஐப்பசியில் வாடை எழுந்துவிட்டால் ஆழமில்லாத இந்தக் கடல் குட்டை அலையாகக் கொந்தளிக்கும். வத்தையை வாய்க்காலில் உள்ளே இழுத்து, பாயை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதில் இன்னொரு நன்மையும் இருந்தது. கடல்நீரில் மரத்தைக் குடைந்து தின்னும் ஒரு புழு உண்டு. கொலம்பஸ் தன் நான்காவது பயணத்தில், புழு தின்ற கப்பல்களை 1503இல் ஜமைக்கா கரையில் ஏற்றி நிறுத்திவிட்டு ஒரு வருடம் சிக்கிக் கிடந்தாரே, அதே புழுதான். நன்னீரில் அது பிழைக்காது. மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் 1934இல் முடிந்த பிறகு பட்டுக்கோட்டைப் பக்கத்து வயல்களுக்கும் காவிரித் தண்ணீர் வந்தது. வயல் வடிநீரும் ஐப்பசி மழையும் சேர்ந்து நசுவினி ஆற்றிலும் வாய்க்கால்களிலும் வடியும்போது, அங்கே கட்டிக் கிடக்கும் படகுக்கு அது வைத்தியம். "ஆத்துத் தண்ணி குடிச்சா படகு தெளிஞ்சிரும்" என்பார் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பெரியவர். அறிவியல் படித்த எனக்கு அதன் காரணம் புரியப் பல வருடம் ஆனது.

இப்போது இன்ஜின். ஓலே எவின்ரூட் என்ற நார்வேக்காரர் அமெரிக்காவின் மில்வாக்கியில் 1909இல் படகின் பின்புறம் மாட்டும் மோட்டாரை விற்கத் தொடங்கினார். கேரளத்தில் 1950களில் இந்தோ-நார்வீஜியத் திட்டம் மோட்டார் படகைப் பழக்கியது. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் விசைப்படகுகள் வந்தது தனிக் கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன். நாட்டுப்படகில் இன்ஜின் பரவியது 1980களில், அரசு மானியமும் கடனும் கிடைக்கத் தொடங்கியபோதுதான். நம் ஆழமில்லாத வாய்க்காலுக்குப் பொருந்தியது நீளத் தண்டு இன்ஜின். தண்டின் முனையில் விசிறி. சேறு தட்டினால் கைப்பிடியை அழுத்தித் தண்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடலாம்.

குளிர்நாடுகளில் குளிர்காலம் வருமுன் படகு இன்ஜினில் உள்ள தண்ணீரை எல்லாம் வடித்துவிடுவார்கள். உறைந்தால் பனிக்கட்டி விரிந்து இரும்பையே பிளந்துவிடும். நமக்கு அந்தப் பயம் இல்லை. நமக்கு எதிரி மேலிருந்து வரும் மழை. மூடாத படகில் ஓர் இரவு மழை நிறைந்தால் போதும், படகு தாழ்ந்து இன்ஜின் மூழ்கிவிடும். பாயாக இருந்தால் காயவைத்துக் கொள்ளலாம். இன்ஜின் அப்படி இல்லை. அன்றைக்கே ஆயிலை வடித்து, இன்ஜெக்டரைக் கழற்றி, கையால் சுழற்றித் தண்ணீரை வெளியே தள்ளி, புது ஆயில் ஊற்றி ஓட்டிவிட்டால் பிழைக்கும். நான்கு நாள் கிடந்தால் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து இறுகிவிடும்.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் மழை பெய்தால் வரமாட்டான். வெயில் அடித்தால் வருவான். சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டினேன். ஒரு கார்த்திகை மாதம், "நாளைக்கு வரலைன்னா பேரை அடிச்சிருவேன்" என்று சொல்லிப் பிரம்பாலும் இரண்டு போட்டேன். மறுநாள் மழை. நனைந்துகொண்டே வந்துவிட்டான். நாள் முழுதும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கும் திட்டினேன்.

அவன் அப்பா கடன் தவணை கட்டப் பட்டுக்கோட்டை போயிருந்தார். அம்மா மீன் விற்கப் போயிருந்தார். படகில் தண்ணீர் இறைக்க வேண்டியவன் என் வகுப்பில் இருந்தான். சாயங்காலம் படகின் அணியம் மட்டும் வெளியே தெரிந்ததாம். அந்தக் கடனில் வாங்கிய இன்ஜின் அது. எட்டு மாதம்கூட ஆகவில்லை. மழையில் மெக்கானிக் வந்து சேர நான்கு நாள் ஆயிற்று. நான் வாய்க்கால் கரைக்குப் போனபோது, இன்ஜினைக் கழற்றிச் சாக்கின்மேல் பரப்பி வைத்திருந்தார்கள். மெக்கானிக் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அவன் அப்பா என்னைப் பார்த்து எழுந்து நின்று, "வாங்க சார்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் எதுவும் சொல்லாமல் திரும்பினேன். அடுத்த ஜூனில் பையன் ஆறாம் வகுப்பில் சேரவில்லை.

அதன்பிறகு மழைநாளில் வராத பிள்ளைகளை நான் அடித்ததில்லை. 'படகு' என்று மட்டும் என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன்.

அந்தப் பையனைப் பற்றி இன்னும் ஒன்று. 1955 புயல் நம் பக்கத்து ராஜாமடத்தில் கரை கடந்தது. அந்தக் கடல்நீர் ஊருக்குள் ஏறிய கதையைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வந்தபோது அதை நாமே பார்த்தோம். உங்கள் தென்னந்தோப்புகள் போனதை நான் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்காலில் கட்டியிருந்த படகுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. இவர், இப்போது ஐம்பதைத் தொடுபவர், எச்சரிக்கை வந்தவுடனேயே இன்ஜினைக் கழற்றி, கழியில் கட்டி, நான்கு பேராகத் தூக்கி வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். பைபர் படகில் தானே தண்ணீரை நிரப்பிச் சேற்றில் அமர்த்திவிட்டார். காற்றுக்குப் பிடி கிடைக்கவில்லை. நான்காம் நாள் தண்ணீரை இறைத்து, அலையாத்தி வேரில் சிக்கியிருந்த வலையை அறுத்தெடுத்து, இன்ஜினை மாட்டினார்.

"படகை நாமே முக்கிட்டா புயல் என்ன சார் பண்ணும்? இன்ஜின் மேல இருந்தாப் போதும்" என்றார். எனக்கு அந்தக் கார்த்திகை நினைவுக்கு வந்தது. அவரிடம் அன்றைக்குச் சொல்லாத மன்னிப்பை அப்போதுதான் கேட்டேன். "அதெல்லாம் இன்னுமா சார் வச்சிருக்கீங்க?" என்று சிரித்துவிட்டு, டீ வாங்கப் பையனை அனுப்பினார். அந்தப் பையன் பாலிடெக்னிக்கில் டீசல் மெக்கானிக் சம்பந்தமாகப் படிக்கிறானாம்.

இப்போதைய கவலை வாய்க்கால். தூர் ஏறிக்கொண்டே போகிறது. வற்றத்தில் நீளத் தண்டு இன்ஜின்கூடச் சேற்றைத்தான் கடைகிறது. பெருக்கத்துக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். புயல் எச்சரிக்கை வற்றத்தின்போது வந்தால் கடலில் இருப்பவர் உள்ளே வர வழியில்லை. தூர்வாரக் கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் இதைக் கொஞ்சம் பேசுங்கள்.

உங்களில் யார் வீட்டிலாவது பழைய வத்தைப் படம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். அந்தக் குறுக்குப் பலகையில் ஆள் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.