நரம்புத் தளர்ச்சி முதல் மரப்பொந்து வரை: சீன இளைஞரின் மனத்துயருக்குப் பெயர் தேடிய கதை

நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவரின் வேலை என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். சீனத்தில் மனத்துயர் பெற்ற பெயர்களை வரிசையாகப் பார்த்தால், மொழிபெயர்ப்பாளர், கட்சிக்காரர், நோயாளி ஆகிய மூவருமே அவ்வேலையில் பங்கு கொண்டிருப்பது தெரிகிறது. அண்மைக் காலத்தில் மென்பொருள் ஆக்குவோரும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். சீன இளைஞர்களுக்குக் கைப்பேசி வழியாக மன ஆதரவு தர முனைவோர், வெளிநாட்டில் உருவான திட்டங்களைச் சீனப் பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றியமைக்க வேண்டும் என்கிறார்கள். இது புதிய சிந்தனை போலத் தோன்றும். ஆனால் இதே வேலை சீனத்தில் நூறாண்டுகளாக வேறு வேறு கைகளால் நடந்து வந்திருக்கிறது. அதைத்தான் இங்கே சற்று விரிவாகக் காணவிருக்கிறோம்.

1869இல் ஜார்ஜ் மில்லர் பியர்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் நரம்புத் தளர்ச்சி என்றொரு நோயைப் பெயரிட்டுப் பரப்பினார். (நம்மூர்ச் சுவர் விளம்பரங்களில் இச்சொல் பெற்றுவிட்ட பொருளை வாசகர்கள் இக்கட்டுரை முடியும் வரை மறந்துவிட வேண்டுகிறோம்.) தலைவலி, உறக்கமின்மை, சோர்வு, எதிலும் மனம் பதியாமை ஆகியவை அதன் அறிகுறிகள். நீராவி எந்திரமும் தந்தியும் செய்தித்தாளும் மனிதரின் நரம்பு ஆற்றலை உறிஞ்சிவிடுகின்றன என்பது பியர்டின் விளக்கம். மேலை நாடுகளில் இந்நோய்ப்பெயர் சில பத்தாண்டுகளில் செல்வாக்கிழந்தது. சீனத்திலோ அது வேரூன்றி நின்றது.

ஏன் அப்படி என்ற கேள்விக்கான விடையில் ஒரு பகுதி சொல்லிலேயே இருக்கிறது. சீனத்தில் இந்நோயின் பெயர் ‘ஷென்ஜிங் ஷுவாய்ருவோ’. நரம்பைக் குறிக்கும் ஷென்ஜிங் என்ற சொல் ஜப்பானில் பிறந்தது. 1774இல் டச்சு உடற்கூற்று நூலொன்றை ஜப்பானியருக்காக மொழிபெயர்த்த சுகிதா கென்பகு முதலியோர், நரம்பு என்பதற்கு ஈடான சொல் இல்லாததால் இரண்டு எழுத்துகளை இணைத்துப் புதுச்சொல் ஆக்கினர். ஒன்று உயிர்ப்பு அல்லது ஆவியைக் குறிப்பது. மற்றது, பழைய சீன மருத்துவம் உடலில் ஓடுவதாகச் சொல்லும் தடங்களைக் குறிப்பது. ஆகவே ‘ஷென்ஜிங் தளர்ந்துவிட்டது’ என்று கேட்ட சீனருக்கு அது அயல்நாட்டு மருத்துவமாகப் படவில்லை. பாட்டி காலத்து வைத்தியர் சொல்லும் சொல்லாகவே ஒலித்தது. மொழிபெயர்ப்பாளன் ஒருவன் தன்னையறியாமல் ஒரு நோய்க்குக் குடியுரிமை வாங்கித் தந்துவிட்டான் என்றே சொல்லலாம்.

மற்றொரு காரணம் மானம். பைத்தியம் என்ற பட்டம் நோயாளியை மட்டுமன்றிக் குடும்பத்தையும் அவர்கள் வீட்டுத் திருமணப் பேச்சுகளையும் பாதிக்கும். நரம்பு தளர்ந்தவர் என்றாலோ அதிகம் படித்தவர், அதிகம் உழைத்தவர் என்று பொருள். மக்கள் சீனத்தின் தொடக்க ஆண்டுகளில் மாணவர்களிடமும் மூளையுழைப்பாளர்களிடமும் இந்நோய் மலிந்து காணப்பட்டது. 1958இல், பெரும்பாய்ச்சல் காலத்தில், பெய்ஜிங்கில் உளவியலாளரும் மருத்துவரும் சேர்ந்து இதற்கென விரைவுச் சிகிச்சை ஒன்றை நடத்தினர். மருந்து, உடற்பயிற்சி, சொற்பொழிவு, குழு உரையாடல் எல்லாம் அதில் அடங்கும். சிகிச்சைக்கும்கூட இலக்கு வைத்து வேகம் கூட்டிய காலம் அது. பின்னர் பண்பாட்டுப் புரட்சியின்போது (1966-1976) உளவியல் துறையே முதலாளித்துவப் போலி அறிவியல் என்று மூடப்பட்டது.

அப்புரட்சி ஓய்ந்தபின், 1980இல், ஆர்தர் கிளைன்மன் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் சாங்ஷா நகரிலுள்ள ஹூனான் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். நரம்புத் தளர்ச்சி என்று முடிவு செய்யப்பட்ட 100 நோயாளிகளை ஆராய்ந்தார். அவர்களுள் 87 பேர் மேலை அளவுகோலின்படி மனச்சோர்வு நோயாளிகள் என்று 1982இல் எழுதினார். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு, ‘சீனருக்கு மனத்தைச் சொல்லத் தெரியாது, உடலைத்தான் சொல்வார்கள்’ என்று முடிவு கட்டியோர் பலர். அது சோம்பேறித்தனமான வாசிப்பு என்பதே நம் கருத்து. வயிறெரிகிறது என்றும் நெஞ்சு கனக்கிறது என்றும் பேசும் நமக்கு, உடலைச் சொல்வது மனத்தையும் சொல்வதுதான் என்று தனியே விளக்க வேண்டியதில்லை. சீனத்தில் ‘ஷின்’ என்ற ஒரே சொல் இதயத்தையும் உள்ளத்தையும் குறிக்கிறது.

கிளைன்மன் இன்னும் இரண்டு செய்திகளைக் கண்டார். நமக்கு அவைதாம் முதன்மையானவை. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் ஒருவர் மனம் சோர்ந்திருக்கிறேன் என்று சொன்னால், அவருக்குப் புரட்சியில் ஊக்கமில்லை என்று பொருள் கொள்ளப்படும் ஆபத்து இருந்தது. தலைவலிக்கு அந்த ஆபத்து இல்லை. இது முதலாவது. அவர் கொடுத்த மருந்தால் பெரும்பாலோரின் அறிகுறிகள் குறைந்தன. ஆயினும் வேலையிடத்திலும் குடும்பத்திலும் சிக்கல் தீராதவர்கள் தம்மை நோயாளிகளாகவே கருதி வந்தனர். இது இரண்டாவது. துயருக்கு வெளியே ஒரு காரணம் இருந்தது. நரம்பு என்ற பெயர் அவர்களைக் காத்தது, ஆனால் அக்காரணத்தையும் சேர்த்து மறைத்துவிட்டது. பண்பாட்டுக்கு இசைந்த சொல் எதிலும் இவ்விரண்டும் கலந்தே இருக்கும் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

அடுத்து வந்த மாற்றியமைப்பும் அதே ஹூனானில்தான் நிகழ்ந்தது. யாங் தெசென், சாங் யாலின் ஆகியோர், எண்ணங்களைத் திருத்தி மனத்தைத் தேற்றும் மேலை முறையில் தாவோ நெறியைப் பொருத்தி, 32 சீன எழுத்துகளுக்குள் அடங்கும் நெறிகளாகச் சுருக்கினர். ஆசையை அளவாக வைத்தல், போட்டியைத் தவிர்த்தல், மென்மையால் வன்மையை வெல்லுதல், இயற்கையின் போக்கோடு செல்லுதல் என்பவை அவற்றின் சாரம். பதற்ற நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2002இல் வெளியாயிற்று. மருந்தின் பயன் விரைவில் தெரிந்தாலும் நிலைக்கவில்லை, நெறியின் பயன் மெல்ல வந்தாலும் நின்றது என்பது அதன் முடிவு. அழகான முயற்சி. ஆனால் நுழைவுத் தேர்வுக்காக நள்ளிரவு வரை படிக்கும் பதினெட்டு வயதினரிடம் போட்டியைத் தவிர் என்று சொல்வது எத்தனை தூரம் செல்லும்?

இளைஞர்கள் தம் இடத்தைத் தாமே தேடிக்கொண்டனர். 2012 மார்ச்சில் நான்ஜிங்கில் மனச்சோர்வோடு போராடிவந்த கல்லூரி மாணவி ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வெய்போவில் அவர் விட்டுச்சென்ற கடைசிப் பதிவின் கீழ், முன்பின் அறியாதவர்கள் வந்து தம் துயரை எழுதத் தொடங்கினர். அவ்வரிகள் பத்து லட்சத்தைத் தாண்டின. இத்தகைய இடத்துக்குச் சீன இளைஞர் இட்ட பெயர் மரப்பொந்து. இரகசியத்தை மரத்தின் பொந்தில் சொல்லி மண்ணால் மூடிவிடும் பழங்கதையை ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாய் 2000ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றில் கையாண்டிருக்கிறார். அங்கே கதைநாயகன் அங்கோர் வாட் கோயிலின் கற்சுவர்த் துளையில் தன் இரகசியத்தைச் சொல்கிறான். 2018இல் ஆம்ஸ்டர்டாமில் பணியாற்றும் கணினி அறிஞர் ஹுவாங் சிஷெங், இப்பொந்துகளில் உயிருக்கு ஆபத்தான சொற்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் நிரலை இயக்கி, தொண்டர்களை உதவிக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். உயிர்கள் காப்பாற்றப்பட்டன. பொந்துக்குள் ஒரு காது இருப்பதும் தெரிந்துபோயிற்று.

இத்தகைய வழிகள் ஏன் தேவை என்பதற்கு ஒரு கணக்கு போதும். சீனம் முழுதும் நடந்த மனநலக் கணக்கெடுப்பின்படி (2021இல் வெளியானது), மனச்சோர்வு நோயாளிகளுள் போதிய சிகிச்சை பெற்றவர் 0.5 விழுக்காட்டினரே. 2013 மே 1இல் நாட்டின் முதல் மனநலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இருந்தும் மருத்துவமனை வாசலை மிதிப்போர் குறைவு.

உலக சுகாதார நிறுவனம் ‘படிப்படியாக’ என்ற பொருள்படும் பெயரில் இணையவழித் திட்டம் ஒன்றை உருவாக்கி லெபனானில் சோதித்தது. ஐந்து அமர்வுகள். மனச்சோர்விலிருந்து மீண்ட ஒருவரின் படக்கதை வழியே மூச்சுப்பயிற்சி, சிறு சிறு செயல்கள், உறவுகளை நாடுதல் முதலியன கற்பிக்கப்படும். பயிற்சி பெற்ற உதவியாளர் வாரந்தோறும் சிறிது நேரம் துணைநிற்பார். இதைச் சீன இளைஞர்களுக்கு மாற்றியமைக்கும் பணி மக்காவில் நடந்து, 2020இல் அதன் விவரம் வெளியாயிற்று. ஆய்வாளர்கள் இளைஞர்களிடமும் மனநலப் பணியாளர்களிடமும் பேசி, கதையையும் படங்களையும் திருத்தி, மீண்டும் படித்துக் காட்டிக் கருத்துக் கேட்டனர்.

சொல்லுக்குச் சொல் மாற்றுவது இதில் எளிய பகுதி. உனக்கு இன்பம் தரும் ஒரு செயலை இன்று செய் என்ற அறிவுரையை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் தமக்காக உழைத்துத் தேய்கிறார்கள் என்ற எண்ணத்தோடு வளர்ந்த ஒற்றைப் பிள்ளைக்கு அது குற்றவுணர்வைத்தான் தரும். உன் துயரை வீட்டாரிடம் பகிர்ந்துகொள் என்றால், அவர்களுக்குப் பாரமாவதா என்ற கேள்வி எழும். உன்னை நீயே பாராட்டு என்பதும் அடக்கத்தைப் போற்றும் வீட்டில் கூச்சமளிக்கும். ஆகவே கதையின் நாயகி யாரிடம் முதலில் வாய் திறக்கிறாள், அம்மாவிடமா அறைத்தோழியிடமா என்பதைத் தீர்மானிக்கும்போது ஒரு பண்பாடே தீர்மானிக்கப்படுகிறது. இது எழுத்தாளனின் வேலை என்பதில் நமக்கு ஐயமில்லை. சோதனையில் பலர் ஐந்து அமர்வுகளை முடிக்காமல் இடையிலேயே விலகினர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

யார் படிக்கிறார்கள் என்ற அச்சமும் இருக்கிறது. 2020 செப்டம்பரில் சீன சுகாதார ஆணையம் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவரின் உடற்பரிசோதனையில் மனச்சோர்வுக் கேள்விகளையும் சேர்க்கச் சொன்னது. நல்ல நோக்கம்தான். ஆயினும் தம் விடை எந்தக் கோப்பில் சேரும் என்று அறியாத மாணவர் எந்தக் கட்டத்தில் குறியிடுவார் என்பதை, தலைவலி என்று மட்டும் சொல்லத் துணிந்த அவர்களது தாத்தாக்கள் நன்கு அறிவார்கள்.

2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த உலக நோய்ப்பட்டியலில் நரம்புத் தளர்ச்சி இடம்பெறவில்லை. சீனத்தில் மனச்சோர்வுக்கு இன்று வழங்கும் மருத்துவப் பெயரில் ‘யூ’ என்ற எழுத்து நிற்கிறது. தேக்கம், அடைப்பு என்று அதற்குப் பொருள். பதினான்காம் நூற்றாண்டில் சூ தான்ஷி என்னும் மருத்துவர் உடலின் ஆறு தேக்கங்கள் என்று எழுதியபோது ஆண்ட எழுத்து அது. இளைஞர்களோ 2021 முதல் ‘ஈமோ’ என்ற இசைவகைப் பெயரை ஆங்கில எழுத்திலேயே எடுத்து, இன்று ஈமோ ஆகிவிட்டேன் என்று பாதி விளையாட்டாகச் சொல்லத் தொடங்கினர். தேர்வு முடிந்த இரவில் கைப்பேசியைத் திறக்கும் ஒருவருக்கு முதல் திரையில் இவற்றுள் எந்தச் சொல்லைக் காட்டுவது என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.